மாட்டுக்குப் பட்டா தெரியாது

தினமும் சாயங்காலம் ஐந்தரை மணி சுமாருக்கு எங்கள் வீட்டு கேட் முன்னால் ஆறு மாடுகள் வந்து நிற்கும். நாலு பசு, ஒரு கிடேரி, ஒரு கிழட்டுக் காளை. பின்னாலேயே தோளில் துண்டும் கையில் கம்புமாக ஒரு பெரியவர் வருவார். மாடுகள் ஒரு நிமிஷம் கேட்டை முகர்ந்து பார்க்கும். சில நாள் சாணி போடும். பெரியவர் நாக்கைச் சுழற்றி ஒரு சத்தம் கொடுத்ததும் இடப்பக்கம் திரும்பி நடந்துவிடும். திருக்கோகர்ணத்திலிருந்து கொஞ்சம் தள்ளி, ஊர் முடிந்து பொட்டல் தொடங்கிய இடத்தில் இருக்கிறது எங்கள் வீடு. இப்போது பொட்டல் இல்லை, தெருக்கள்தான்.

ஒருநாள் கேட்டுவிட்டேன். "ஏங்கய்யா, இத்தனை வீடு இருக்கு, இங்க மட்டும் ஏன் நிக்குதுக?"

"இது மந்தை தம்பி. எங்க அய்யா காலத்துல ஊரு மாடு பூராம் இங்கதான் வந்து அடையும். அப்பறம் பிரிச்சு ஓட்டிக்கிட்டுப் போவாக."

"அது எப்பவோ நடந்தது. இந்த மாடுகளுக்கு எப்படித் தெரியும்?"

"கிழடு முன்னால போகும், கன்னு பின்னால வரும். அந்தக் கன்னு கிழடாகி முன்னால போகும். அப்படியே பழகிப்போச்சு. வீடாயிருச்சுன்னு நமக்குத் தெரியும். மாட்டுக்குப் பட்டா தெரியாதுல்ல."

சிரித்துக்கொண்டேதான் சொன்னார். குத்திக்காட்டுகிற தொனி அவர் குரலில் இல்லை. எனக்குத்தான் குத்தியது.

அப்பா இந்த மனையை 1988இல் வாங்கினார். மேய்ச்சல் தரையாக இருந்த இடம் யாரோ ஒருவர் பெயருக்கு ஒப்படைப்பாகி, அவர் கையிலிருந்து இன்னொருவர் கைக்குப் போய், கல் ஊன்றி மனைகளாகப் பிரிக்கப்பட்டு, நாலாவது கையில் எங்களுக்கு வந்தது. அப்பாவிடம் பெரியவர் சொன்னதைச் சொன்னேன். "பத்திரம் இருக்கு, பட்டா இருக்கு, வில்லங்கம் போட்டுப் பார்த்தாச்சு, சுத்தம். உங்கம்மா தோட்டை வித்து வாங்கின இடம்டா இது. நான் யாரு நிலத்தையும் புடுங்கலை" என்றார். உண்மைதான். அவர் யாரிடமிருந்தும் பிடுங்கவில்லை. பிடுங்குவதற்கு அங்கே சொந்தக்காரர் என்று ஒருவரும் இருக்கவில்லை.

என்னை அலைக்கழித்த கேள்வியும் அங்கேதான் ஆரம்பித்தது. யார் பெயரிலும் இல்லாத ஒரு நிலத்தை ஒருவர் எடுத்துக்கொண்டால் அநியாயம் யாருக்கு நடந்தது? பறிகொடுத்தவர் என்று கைகாட்ட ஆளில்லாத இடத்தில் திருட்டு என்று ஒன்று உண்டா?

*

இந்தக் கேள்வியோடு நான் போய் நின்ற இடம் ஆஸ்திரேலியா என்றால் சிரிக்கத் தோன்றும். அக்கா மகன் வேலை நிமித்தம் டார்வினில் இருக்கிறான். ஒருநாள் போனில், "மாமா, இங்க மாட்டுப் பண்ணையை ஸ்டேஷன்னு சொல்றாங்க" என்றான். நமக்கு ஸ்டேஷன் என்றால் ஒன்று ரயில், இல்லாவிட்டால் போலீஸ். அங்கே அது மாடு வளர்க்கும் நிலப்பரப்பு. நம்மூர்ப் பண்ணையை மனதில் வைத்துக்கொண்டு யோசித்தால் பிடிபடாது. தெற்கு ஆஸ்திரேலியாவில் இருக்கும் ஆனா க்ரீக் ஸ்டேஷனின் பரப்பு 15,000 சதுர கிலோமீட்டருக்கும் மேல். நம் புதுக்கோட்டை மாவட்டம் மொத்தமும் 4,663 சதுர கிலோமீட்டர். அறந்தாங்கி, கீரனூர், பொன்னமராவதி எல்லாம் சேர்த்து மூன்று மாவட்டம் உள்ளே அடங்கிவிடும் ஒரே பண்ணை.

அவன் அனுப்பிய படத்தில் செம்மண் வெளியில் திமிலோடும் தொங்கும் அலைதாடியோடும் மாடுகள் நின்றன. "நம்மூரு மாடு மாதிரியே இருக்குல்ல மாமா?" மாதிரி என்ன, நம்மூர் மாடேதான். வட ஆஸ்திரேலியாவின் வெயிலிலும் உண்ணித் தொல்லையிலும் ஐரோப்பிய மாடுகள் தாக்குப்பிடிக்கவில்லை. 1933இல் அமெரிக்காவிலிருந்து பிராமன் என்ற இனத்தை இறக்கினார்கள். அந்த இனத்தை அமெரிக்கர்கள் உண்டாக்கியது இந்தியாவின் கிர், காங்கிரேஜ், கிருஷ்ணா பள்ளத்தாக்கு மாடுகளோடு ஓங்கோல் மாட்டையும் கலந்து. அன்றைய சென்னை மாகாணத்து ஓங்கோல் மாடு, துறைமுகக்காரர்கள் வாயில் 'நெல்லூர் மாடு'. இன்று வட ஆஸ்திரேலிய மந்தைகளில் பெரும்பகுதிக்கு அந்த ரத்தம் உண்டு.

அந்த ஸ்டேஷன்களின் கதையைத் தேடிப் படித்தபோது வேவ் ஹில் என்ற பெயரில் நின்றுவிட்டேன். வடக்குப் பிரதேசத்தில், குரிஞ்சி என்ற பழங்குடி மக்களின் மண்ணில், 1883இல் நாட் பியூகானன் என்பவர் மந்தையை ஓட்டிக்கொண்டுவந்து நிறுத்தித் தொடங்கிய ஸ்டேஷன் அது. 1914இல் வெஸ்டி என்ற பிரிட்டிஷ் இறைச்சி வணிகக் குடும்பத்தின் கைக்குப் போனது. குரிஞ்சிக்காரர்கள் எங்கும் போகவில்லை, போக வேறு இடமும் இல்லை. தங்கள் மண்ணிலேயே அடுத்தவர் மாட்டை மேய்க்கும் ஆட்களானார்கள். மந்தையைத் திரட்டுவது, சூடு போடுவது, குதிரை பழக்குவது எல்லாம் அவர்கள் வேலை. கூலி என்பது பெரும்பாலும் மாவு, சர்க்கரை, தேயிலை, புகையிலை, கொஞ்சம் இறைச்சி. பணமாகக் கிடைத்தது அற்பம்.

1966 மார்ச்சில் பழங்குடி மேய்ச்சல்காரர்களுக்கும் சம கூலி தரவேண்டும் என்று தொழில் நடுவர் மன்றம் தீர்ப்பளித்தது. ஆனால் அமலுக்கு வருவது 1968 டிசம்பரில் என்றது. அதே 1966 ஆகஸ்ட் 23 அன்று வின்சென்ட் லிங்கியாரி என்பவரின் தலைமையில் சுமார் இருநூறு பேர், பெண்டு பிள்ளைகளோடு, வேவ் ஹில்லை விட்டு நடந்தார்கள். முதலில் எல்லோரும் இதைக் கூலிக்கான வேலைநிறுத்தம் என்றே நினைத்தார்கள். அவர்கள் வாட்டி ஓடைக்கரையில் குடிசை போட்டு உட்கார்ந்துகொண்டு நிலத்தைக் கேட்டபோதுதான் விஷயம் புரிந்தது. 1967இல் கவர்னர் ஜெனரலுக்கு ஒரு மனு போனது. அதை எழுத உதவியவர் பிராங்க் ஹார்டி என்ற நாவலாசிரியர். லிங்கியாரியும் மற்றவர்களும் அடையாளம் வைத்தார்கள். மனு நிராகரிக்கப்பட்டது. அவர்கள் எழுந்திருக்கவில்லை.

*

பிரிட்டிஷார் ஆஸ்திரேலியாவை எடுத்துக்கொண்டதற்குச் சொன்ன நியாயம் ஒரு லத்தீன் சொல்லாடல்: 'டெரா நுல்லியஸ்', யாருக்கும் சொந்தமில்லாத நிலம். ஆயிரமாயிரம் வருஷமாக மனிதர்கள் வாழ்ந்துகொண்டிருந்த மண்ணுக்கு இந்தப் பெயர். வேலியில்லை, வரப்பில்லை, பத்திரமில்லை, ஆகவே ஆளில்லை. 1992 ஜூன் 3ஆம் தேதி மாபோ வழக்கில் ஆஸ்திரேலிய உயர் நீதிமன்றம் அந்தக் கோட்பாட்டைத் தள்ளுபடி செய்தது.

நம்மிடம் இதற்கு ஒரு சொல் இருக்கிறது. புறம்போக்கு. வருவாய்த்துறைக் கணக்கில் தீர்வை விதிக்கப்படாத நிலம், தீர்வைக்குப் புறம்பாகப் போனது, அவ்வளவே. களம், மந்தைவெளி, மேய்க்கால், கண்மாய், ஊருணி, வண்டிப்பாதை, சுடுகாடு என்று ஊரே கூடிப் புழங்கும் இடங்கள் எல்லாம் புறம்போக்குதான். அதாவது ஊரில் அதிகம் பேருக்கு வேண்டிய நிலம் எதுவோ அதற்கு அந்தப் பெயர். ஆனால் அந்தச் சொல் இன்று என்னவாகியிருக்கிறது? ஒருத்தனைக் கேவலமாகத் திட்டவேண்டுமென்றால் புறம்போக்கு என்கிறோம். சர்க்காருக்கு வரி தராத நிலம் ஒன்றுக்கும் ஆகாத நிலம் என்ற எண்ணம் எவ்வளவு ஆழமாக நமக்குள் இறங்கியிருந்தால் அது வசைச்சொல்லாகும்!

எல்லோருக்கும் சொந்தமானது என்பதும் யாருக்கும் சொந்தமில்லாதது என்பதும் நடைமுறையில் ஒரே நிலத்தின் இரண்டு பெயர்கள். எந்தப் பெயரைச் சொல்வது என்பதை, எழுதுகிற கை தீர்மானிக்கிறது. மந்தை என்று எழுதினால் ஆறு மாடுகளுக்கு இடம் இருக்கிறது. தரிசு என்று எழுதினால் எங்கள் வீட்டுக்கு இடம் கிடைக்கிறது.

சொத்துரிமை பற்றிப் பேசுகிறவர்கள் ஜான் லாக்கைத் தொடாமல் போவதில்லை. 17ஆம் நூற்றாண்டு ஆங்கிலத் தத்துவவாதி. கடவுள் பூமியை எல்லோருக்கும் பொதுவாகத்தான் கொடுத்தார், ஒருவன் தன் உழைப்பை அதில் கலக்கும்போது அது அவனுடையதாகிறது என்பது அவர் வாதம். கேட்க நியாயமாக இருக்கிறது. உழுதவனுக்கு நிலம் என்று நாமும் சொல்கிறோம். ஆனால் அதே இடத்தில், பொதுநிலத்தில் தன் குதிரை மேய்ந்த புல்லும், தன் வேலைக்காரன் வெட்டிய புற்கட்டியும் தன்னுடையதே என்கிறார் லாக். வேலைக்காரன் வெட்டியது எப்படி எசமானுக்கு ஆயிற்று என்று அவர் நின்று யோசிக்கவில்லை. வேவ் ஹில்லில் எண்பது வருஷத்துக்கு மேல் உழைப்பைக் கலந்தது குரிஞ்சிக்காரர்கள். லாக்கின் கணக்குப்படியே பார்த்தாலும் நிலம் யாருடையது?

இன்னொன்றும் கவனித்தேன். லாக் தரிசு என்று சொல்வது உழவும் நடவும் மட்டுமல்லாமல் மேய்ச்சலும் இல்லாத நிலத்தை. மேய்ப்பதும் அவருக்கு நிலத்தைப் பண்படுத்தும் வேலைதான். ஆஸ்திரேலியாவில் இது அப்படியே செல்லுபடியானது. பல மேய்ச்சல் குத்தகைகளில், எடுத்த நிலத்தில் இத்தனை மாடு விட்டாகவேண்டும் என்பதே நிபந்தனை. வெள்ளைக்காரர் மாடு மேய்ந்தால் நிலம் அவருடையது என்பதற்கு அது சாட்சி. எங்கள் பக்கத்திலோ தலைமுறை தலைமுறையாகக் கோனார்கள் மாடு மேய்த்ததே அந்த நிலம் யாருக்கும் ஆகாத தரிசு என்பதற்குச் சாட்சியாகிவிட்டது. செயல் ஒன்றுதான், செய்கிறவர் யார் என்பதைப் பொறுத்துத் தீர்ப்பு மாறுகிறது.

இத்தனைக்கும் மாட்டை மையமாக வைத்து யோசித்த சமூகம் இது. மாடு என்ற சொல்லுக்கே பழந்தமிழில் செல்வம் என்று பொருள். வள்ளுவரும் அந்தப் பொருளில் ஆண்டிருக்கிறார். ஆநிரை கவர்வது வெட்சி, மீட்பது கரந்தை என்று போருக்கே மாட்டை வைத்து இலக்கணம் செய்தார்கள். 2006இல் தேனி மாவட்டம் புலிமான்கோம்பையில் கிடைத்த நடுகல்லில், தமிழி எழுத்தில், ஆகோளில் இறந்த ஒருவனின் பெயர் இருக்கிறது. ஈராயிரம் வருஷத்துக்கு முன்னால் மாட்டுக்காகச் செத்தவன் பெயரைக் கல்லில் வெட்டியவர்கள், மாடு மேயும் நிலத்தை யார் பெயரிலும் எழுதிவைக்கவில்லை. எழுதிவைக்க வேண்டிய பொருளாக அதை நினைக்கவில்லை என்றுதான் தோன்றுகிறது. காற்றை யாரும் பத்திரம் பண்ணுவதில்லையே.

*

பெரியவரிடம் இப்போது எங்கே மேய்க்கிறீர்கள் என்று கேட்டேன். "அங்கிட்டுப் போனா தைல மரக்காடு. கீழ ஒரு புல்லு மொளைக்காது. இங்கிட்டு வந்தா ரோட்டோரம். குப்பைமேட்டுல போய் நிக்குதுக, பாலித்தீனைத் திங்கிதுக. அடிச்சு ஓட்ட வேண்டியிருக்கு."

தைல மரம் என்று நாம் சொல்லும் யூகலிப்டஸ் ஆஸ்திரேலியாவின் மரம். 1843இல் நீலகிரிக்கு வந்தது. 1974இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு வனத் தோட்டக் கழகம் காகிதக்கூழுக்காகப் புதுக்கோட்டைப் பக்கம் பெரும் பரப்பில் அதை வளர்க்கிறது. தனியாரும் வளர்க்கிறார்கள். முன்பு சூரையும் காரையும் கிளுவையும் மண்டி, இடையிடையே புல் தரையாகக் கிடந்த காடுகள் பல இன்று வரிசை பிடித்து நிற்கும் தைல மரங்கள். அந்தக் காடுகளில் வரப்பு எடுப்பதால் கண்மாய்க்கு வரத்து குறைகிறது என்று விவசாயிகள் பல காலமாகப் புகார் சொல்லிக்கொண்டிருக்கிறார்கள்.

அக்கா மகன் அனுப்பிய படத்தையும் பெரியவர் காட்டிய காட்டையும் சேர்த்து வைத்துப் பார்த்தால் வேடிக்கையாக இருக்கிறது. நம் மாடு அங்கே போய் ஒரு ஜனத்தின் மண்ணை மிதித்துக்கொண்டு நிற்கிறது. அவர்கள் மரம் இங்கே வந்து நம் மாட்டின் தரையில் நிற்கிறது. மாட்டின்மீதும் பிழையில்லை, மரத்தின்மீதும் பிழையில்லை. இரண்டையும் கொண்டுபோய் நிறுத்தியது ஒரே கணக்கு: இந்த நிலம் எவ்வளவு தரும்?

2017 ஜனவரியில் ஜல்லிக்கட்டுக்காகத் தமிழ்நாடே தெருவுக்கு வந்தது. நானும் புதுக்கோட்டையில் போய் உட்கார்ந்தேன். வாடிவாசலுக்குப் பேர்போன மாவட்டம், உட்காராமல் இருக்க முடியுமா? ஆனால் யோசித்துப் பார்த்தால், வருஷத்தில் ஒருநாள் காளை ஓடும் வாசலுக்காகக் கூடிய நாம், மிச்ச நாளெல்லாம் அது மேயும் தரைக்காக ஒரு சாயங்காலம்கூடக் கூடியதில்லை.

*

இதையெல்லாம் ஒரு நண்பரிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். பள்ளிக்கூட ஆசிரியர், எனக்கு முப்பது வருஷப் பழக்கம். பொறுமையாகக் கேட்டுவிட்டுச் சொன்னார்:

"நீ பொது பொதுங்கிற. யாருக்குப் பொது? எங்க அப்பா ரெண்டு மாடு வச்சிருந்தாரு. ஊர் மந்தையில அடைய விட்டதில்ல. ஊருணியில தண்ணி காட்ட விட்டதில்ல. எங்க தெருவுக்கு இன்னைக்கு இருக்கிற வீடெல்லாம் சர்க்காரு புறம்போக்குல மனைப்பட்டா குடுத்துக் கட்டினது. அந்தப் புறம்போக்கு புறம்போக்காவே இருந்திருந்தா நாங்க எங்க போயிருப்போம்?"

என்னிடம் பதில் இல்லை. பொதுநிலம் என்று நான் ஏங்கிக்கொண்டிருந்த இடத்துக்கும் ஒரு வேலி இருந்திருக்கிறது. அது கண்ணுக்குத் தெரியாத வேலி, எனக்குத் தெரியாத வேலி. நிலமற்றவருக்குக் கிடைத்த மூன்று சென்ட்டும், மனைப்பிரிவு போட்டு விற்றவர் வளைத்துக்கொண்ட ஏக்கர்களும் காகிதத்தில் ஒரே மாதிரி 'வகை மாற்றம்' என்றுதான் இருக்கும். ஒன்று நியாயம், மற்றது அநியாயம். மேய்ச்சல் நிலம் போனதே என்று மொத்தமாக அழுகிறவன் இந்த வித்தியாசத்தைப் பார்க்கத் தவறினால், அவன் அழுகை பழைய ஊருக்கான அழுகையாகத்தான் இருக்கும்.

வேவ் ஹில் கதையிலும் இப்படி ஒரு முள் இருக்கிறது. சம கூலி அமலுக்கு வந்ததும் பல ஸ்டேஷன்களில் பழங்குடி ஆட்களை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். முழுக்கூலி கொடுத்து வைத்துக்கொள்வதைவிட மோட்டார் சைக்கிளும் ஹெலிகாப்டரும் கட்டுப்படியாயின. நியாயம் கிடைத்தது, வேலை போயிற்று. வேலையோடு, வேலைக்காரர்கள் என்ற பெயரிலாவது சொந்த மண்ணில் இருந்த இருப்பும் போயிற்று. அதனால் சம கூலியே தவறு என்று சொல்ல முடியுமா? கூலி மட்டும் போதாது, நிலமும் வேண்டும் என்று லிங்கியாரி கேட்டது எவ்வளவு சரி என்பதைத்தான் அது காட்டுகிறது. பாதி நியாயம் சில சமயம் முழு அநியாயத்தைவிட வேகமாக ஆட்களை வெளியேற்றிவிடும்.

1996இல் விக் வழக்கில் ஆஸ்திரேலிய நீதிமன்றம் சொன்ன ஒன்று எனக்குப் பிடித்திருக்கிறது. மேய்ச்சல் குத்தகை கொடுத்ததாலேயே பழங்குடிகளின் உரிமை அழிந்துவிடாது, இரண்டும் ஒரே நிலத்தில் சேர்ந்திருக்க முடியும் என்றது. இரண்டும் மோதினால் குத்தகையே மேலோங்கும் என்ற வாலும் அதற்கு உண்டு. இருந்தாலும் ஒரு நிலத்துக்கு ஒரே சொந்தக்காரர்தான் இருக்க முடியும் என்ற பிடிவாதம் அங்கே கொஞ்சம் தளர்ந்தது. நம் ஊர்களுக்கு இது புதிதுமில்லை. அறுப்பு முடிந்த வயலில் யார் ஆடும் மேயலாம், கிடை போடலாம். உழும்வரை அது பட்டாதாரரின் வயலாகவும் ஊரின் மேய்ச்சலாகவும் ஒரே சமயத்தில் இருக்கும். கிடையின் புழுக்கை அவருக்கு, தாள் ஆட்டுக்கு. சிவகங்கை, ராமநாதபுரத்திலிருந்து வரும் கீதாரிகளை இன்னும் எங்கள் பக்கம் பார்க்கலாம்.

*

போன வருஷம் பெரியவர் ஒரு வேலையோடு வந்தார். எஞ்சியிருக்கும் மேய்ச்சல் தரையில் ஏதோ கட்டடம் வரப்போகிறது என்று அளந்துவிட்டுப் போயிருக்கிறார்கள். மனு கொடுக்க வேண்டும். "நீங்க படிச்சவுக, எழுதித் தாங்க" என்றார். முன்பு மந்தையாகவும் மேய்க்காலாகவும் இருந்த இடங்களை அடையாளம் சொல்லிக்கொண்டே போனார். அந்தப் பாறைக்குக் கிழக்க, இந்த ஓடைக்கு இந்தப் பக்கம் என்று. பழைய பதிவேட்டின் நகலை வாங்கி வைத்துக்கொண்டு நான் புல எண்களைச் சேர்த்தேன். மூன்றாவதாக வந்த எண் எனக்கு மனப்பாடம். எங்கள் வீட்டு வரி ரசீதில் இருப்பது அதுதான்.

பேனா நின்றதைப் பெரியவர் பார்த்துவிட்டார். "அதை விட்டுருங்க தம்பி. வீடு கட்டிக் குடி வந்துட்டீக. போனது போச்சு. இருக்கிறதைக் கேப்போம்."

அன்றிரவு தூக்கம் வரவில்லை. 2011 ஜனவரி 28 அன்று ஜக்பால் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு தெரிந்தவன் நான். ஊர்ப் பொதுநிலங்களை மீட்கச் சொன்ன தீர்ப்பு. நெடுங்காலமாகப் பிடித்து வைத்திருப்பதோ, பெரும் பணம் செலவழித்துக் கட்டியிருப்பதோ நியாயமாகாது என்றும் அதில் இருக்கிறது. எங்களுடையது ஆக்கிரமிப்பு அல்ல, பட்டா நிலம். ஆனாலும் அந்த எண்ணை மனுவில் எழுதினால், அந்த முதல் ஒப்படைப்பு எப்படி நடந்தது என்று யாராவது கிளறலாம். அப்பாவுக்கு வயது எண்பதைத் தாண்டிவிட்டது.

எழுதாமல் விடலாம். பாதிக்கப்பட்டவரே வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே. ஆனால் இங்கேதான் சிக்கல். கடன் கொடுத்தவர் 'திருப்பித் தரவேண்டாம்' என்றால் கடன் இல்லாமல் ஆகிவிடுமா? அவர் இனி கேட்க முடியாது என்பது சரி. நான் வாங்கவே இல்லை என்று ஆகாது. பெரியவர் மன்னித்தது என் மீதான தன் உரிமையை. நடந்ததை எழுதாமல் விடுவதற்கான உரிமையை அவர் எனக்குக் கொடுக்கவில்லை. அவர் ஊருக்காகவும் மாட்டுக்காகவும் சேர்த்து மன்னிக்கவும் முடியாது.

1975 ஆகஸ்ட் 16 அன்று பிரதமர் கஃப் விட்லம், வின்சென்ட் லிங்கியாரியின் உள்ளங்கையில் ஒரு பிடி மண்ணைப் போட்டார். நிலத்தின் ஒரு பகுதி குரிஞ்சிக்காரர்களுக்குக் குத்தகையாகத் திரும்பிய நாள். மெர்வின் பிஷப் என்ற பழங்குடிப் புகைப்படக்காரர் எடுத்த படம் உலகப் புகழ் பெற்றது. கொட்டகை நிழலில் படம் சரியாக வராது என்று வெயிலுக்கு வரச்சொல்லி இன்னொரு தடவை மண்ணைப் போடவைத்து எடுத்தார் என்பார்கள். லிங்கியாரி அன்று பேசியதில் வன்மம் இல்லை. இனி ஒருவருக்கொருவர் கஷ்டம் கொடுக்காமல் சிநேகமாக இருப்போம் என்பதாக இருந்தது அவர் பேச்சு. அந்தப் பெருந்தன்மையைக் காரணமாகக் காட்டி நாடு அதோடு கணக்கை முடித்திருக்கலாம். முடிக்கவில்லை. 1976இல் நில உரிமைச் சட்டம் வந்தது. 1986இல் டகுராகு நிலத்துக்கு முழு உரிமைப் பத்திரம் வந்தது. வேவ் ஹில் ஸ்டேஷன் பரப்பின்மீது அவர்களுக்குள்ள பூர்வீக உரிமையை நீதிமன்றம் ஏற்றது 2020 செப்டம்பரில். நடந்து வெளியேறி 54 வருஷம் கழித்து. அன்று நடந்தவர்களில் பலர் அதைப் பார்க்க இல்லை.

*

எங்கள் ஊரின் பெயரே ஒரு மாட்டின் காது. கோ என்றால் பசு, கர்ணம் என்றால் காது. இந்திரன் சபைக்குத் தாமதமாக வந்ததால் சபிக்கப்பட்டுப் பூமிக்கு வந்த காமதேனு, இங்கே மகிழவனத்தில் இருந்த ஈசனுக்குத் தன் காதில் கங்கை நீரைக் கொண்டுவந்து அபிஷேகம் செய்தது என்பது தலபுராணம். பாறையைக் குடைந்த அந்தக் கோயிலும் பிரகதாம்பாளும் எங்களுக்குத் தினசரி வாழ்க்கை. புதுக்கோட்டைத் தொண்டைமான்கள் அவள் உருவம் பொறித்துக் காசு அடித்தார்கள். அதனால்தான் அரைக்காசு அம்மன்.

அந்தப் பசுவை வழியில் ஒரு புலி மறித்தது. பூசையை முடித்துக்கொண்டு, கன்றுக்குப் பால் கொடுத்துவிட்டுத் திரும்பி வருகிறேன், அப்புறம் என்னைத் தின்றுகொள் என்றது பசு. புலி விட்டுவிட்டது. மறித்த இடம் பக்கத்தில் இருக்கும் திருவேங்கைவாசல் என்பார்கள். பசு சொன்னபடி திரும்பிப் போனது. புலி சிவனாக நின்றது.

சின்ன வயசில் அப்பத்தா இதைச் சொன்னபோது பசு எவ்வளவு நல்லது என்று நினைத்தேன். இப்போது நினைக்கும்போது அது அகப்பட்டுக்கொண்ட நேரம் எனக்கு முக்கியமாகப் படவில்லை. விடப்பட்ட பிறகு அது என்ன செய்தது என்பதே கதை. புலி பின்தொடரவில்லை, அடமானம் வாங்கவில்லை. வேறு வழியாகப் போயிருக்கலாம். யாரும் கேட்க மாட்டார்கள் என்ற இடத்தில்தான் அது திரும்பி நடந்தது. பெரியவர் 'விட்டுருங்க தம்பி' என்று சொன்ன கணத்தில் நானும் அந்த இடத்தில்தான் நிறுத்தப்பட்டேன் என்று தோன்றியது.

காலையில் அப்பாவிடம் சொன்னேன். நெடுநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, "நான் செத்த பெறகு எழுதக்கூடாதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விக்கு எந்தத் தத்துவத்திலும் பதில் இல்லை. மத்தியானம் சாப்பிட்டு எழுந்தவர், தானாகவே, "அதுவும் மந்தைதான். வாங்கும்போதே தெரியும். சாணி கிடந்துச்சு" என்றார். அதற்குமேல் பேசவில்லை.

மனுவில் எண்ணை எழுதினேன். 'இப்புல எண்ணும் முன்பு ஊர் மந்தையாக இருந்தது, தற்போது வீடுகள் உள்ளன, இம்மனுவை எழுதியவரின் வீடும் அதில் ஒன்று. இனி எஞ்சிய நிலம் அனைத்து மக்களின் கால்நடைக்கும் பொதுவாக நிலைக்க வேண்டும்' என்று எழுதி, கீழே என் பெயரையும் போட்டேன். 'அனைத்து மக்களின்' என்பது ஆசிரிய நண்பருக்காகச் சேர்த்தது. படித்துக் காட்டியபோது பெரியவர் அந்த இடத்தில் ஒரு கணம் நிமிர்ந்து பார்த்தார். பிறகு பெருவிரலில் மை தடவிக்கொண்டார்.

இதனால் மந்தை திரும்பிவிடாது. நாங்கள் வீட்டை இடிக்கப்போவதில்லை, யாரும் இடிக்கச் சொல்லவும் இல்லை. அம்மாவின் தோடும் அப்பாவின் இருபது வருஷத் தவணையும் பொய்யில்லை. ஆனால் வீட்டின் கீழே இருப்பது என்ன என்று தெரிந்துகொண்டு வாழ்வதும் தெரியாததுபோல வாழ்வதும் ஒன்றல்ல என்று இப்போது நினைக்கிறேன். தெரிந்துகொண்டவனிடம் அடுத்த மனு வரும்போது, இப்படி எழுத எனக்கு என்ன அருகதை என்று அவன் ஒதுங்க முடியாது. அருகதை இல்லாதவன் எழுத வேண்டிய மனு அது.

மனுவுக்கு ரசீது இருக்கிறது. பதில் இன்னும் வரவில்லை. கேட்டுக்கு வெளியே ஒரு சிமெண்டுத் தொட்டி வைத்துத் தண்ணீர் நிரப்புகிறோம். நிரப்புவது பெரும்பாலும் அப்பாதான். பசுக்கள் அதைக் கண்டுகொள்வதில்லை, பழைய வழக்கப்படி கேட்டை முகர்ந்துவிட்டுத் திரும்புகின்றன. கிடேரி மட்டும் போன வாரத்திலிருந்து குடிக்கிறது.